முப்பது வெள்ளிக்காசும் ஒற்றைப் பதிவுக் கணக்கும்

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் ஒரு வளைவு தனியாக நின்றுகொண்டிருக்கும். பஸ்ஸில் போகிறவர்கள் பாதிப்பேர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் அதற்குப் பின்னால்தான் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. நம்ம திருச்செங்கோட்டுக்காரர் டி.ஆர்.சுந்தரம் 1935-ல் ஆரம்பித்த ஸ்டூடியோ. நூறு படங்களுக்கு மேல் எடுத்த இடம். இப்போது மிச்சம் இருப்பது அந்த வளைவு மட்டும்.

நான் படிப்பது பி.காம். இலக்கியத்துக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்று என் நண்பர்களே சொல்வார்கள். ஆனால் இந்த செமஸ்டர் லீவில் மூன்று புத்தகங்களை அடுத்தடுத்துப் படித்தேன். கண்ணதாசனின் 'வனவாசம்', லியோனித் அந்த்ரேயெவ் எழுதிய யூதாஸ் கதை, புல்ககோவ் எழுதிய 'மாஸ்டரும் மார்கரீட்டாவும்'. மூன்றுமே ஒரே விஷயத்தைத்தான் பேசுகின்றன என்று எனக்குத் தோன்றியது. துரோகம். அதைவிட முக்கியம், துரோகத்தை யார் எழுதுகிறார்கள் என்பது. அதோடு எங்கள் வீட்டுக் கதை ஒன்றும் இதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் மூலக்கதை.

பன்னிரண்டு பேரில் பொருளாளர்

நான் படித்தது கிறிஸ்தவப் பள்ளி என்பதால் யூதாஸ் கதை சின்ன வயதிலேயே தெரியும். முப்பது வெள்ளிக்காசுக்குத் தன் குருவைக் காட்டிக் கொடுத்தவன். ஆனால் நான்கு சுவிசேஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு காமர்ஸ் மாணவனுக்குத் தலை சுற்றும். முப்பது என்ற தொகையைச் சொல்பவர் மத்தேயு ஒருவர்தான். மாற்கு பணம் தருவதாக வாக்குக் கொடுத்தார்கள் என்று மட்டும் சொல்கிறார். யோவானோ, சீடர்களின் பணப்பையை வைத்திருந்தவனே யூதாஸ்தான், அதிலிருந்து எடுத்துக்கொள்வான் என்கிறார். அதாவது பொருளாளர், கையாடல் வேறு!

அந்தப் பணம் என்ன ஆயிற்று என்பதிலும் கணக்கு இடிக்கிறது. மனம் வருந்தி ஆலயத்தில் எறிந்துவிட்டான், ஆசாரியர்கள் அதை எடுத்துக் குயவனின் நிலத்தை வாங்கினார்கள் என்கிறது மத்தேயு. அவனே நிலம் வாங்கினான் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். ஒரே தொகை, இரண்டு வவுச்சர். தணிக்கையாளர் கண்ணில் பட்டால் அன்றைக்கே கேள்வி வந்துவிடும் :-)

முப்பது வெள்ளி என்பது பழைய ஏற்பாட்டில் ஓர் அடிமையை மாடு முட்டிக் கொன்றால் உடையவனுக்குக் கொடுக்க வேண்டிய நஷ்ட ஈடு. யாத்திராகமத்தில் இருக்கிறது. அந்தத் தொகையை மத்தேயு எழுதும்போதே ஓர் அவமானமும் சேர்ந்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அன்று இரவு துரோகம் செய்தது யூதாஸ் மட்டும் இல்லை. பேதுரு மூன்று முறை அந்த ஆளையே தெரியாது என்றார். மற்றவர்கள் ஓடிப்போனார்கள். பேதுரு அழுதார், பிறகு தலைவர் ஆனார். யூதாஸ் தூக்கு மாட்டிக்கொண்டான். தன் பக்கத்துக் கதையைச் சொல்ல அவன் உயிரோடு இல்லை. மிச்சம் இருந்தவர்கள் வழியாக வந்த கதைதான் நமக்குக் கிடைத்திருக்கிறது. இந்த ஓட்டை வழியாகத்தான் பிற்கால எழுத்தாளர்கள் உள்ளே நுழைந்தார்கள்.

ரஷ்யாவில் யூதாஸ்

அந்த்ரேயெவ் தன் 'யூதாஸ் இஸ்காரியோத்'தை வெளியிட்டது 1907-ல். அதற்கு முன் அவருக்கு நடந்தவற்றைப் பாருங்கள். 1905 பிப்ரவரியில், புரட்சிக்காரர்கள் கூட்டம் நடத்தத் தன் வீட்டைக் கொடுத்ததற்காகச் சிறைக்குப் போனார். அந்தப் புரட்சி தோற்றது. 1906 நவம்பரில் அவர் மனைவி பிரசவத்துக்குப் பிறகு பெர்லினில் இறந்தார். அவர் இத்தாலியின் காப்ரி தீவுக்கு, நண்பர் கார்க்கி இருந்த இடத்துக்குப் போனார். அந்தத் துக்கத்தில் எழுதியது இந்தக் கதை.

அவருடைய யூதாஸுக்கு முகமே இரண்டு. ஒரு பாதி அசைந்துகொண்டே இருக்கும், இன்னொரு பாதி செத்தது போல் உறைந்திருக்கும். பொய் சொல்வான், திருடுவான். ஆனால் இயேசுவை மற்ற எல்லோரையும்விட அதிகமாக நேசிப்பவன் அவன்தான். காட்டிக் கொடுத்தால் மக்கள் பொங்கி எழுந்து காப்பாற்றுகிறார்களா பார்க்கலாம் என்பது அவன் மனதின் ஒரு மூலை. யாரும் வரவில்லை. எல்லாம் முடிந்தபின் அவன் சீடர்களிடம் போய்க் கேட்கிறான்: அவர் செத்த பிறகு நீங்கள் எப்படி உயிரோடு இருக்கிறீர்கள்? உண்டீர்களா, உறங்கினீர்களா? தோற்ற புரட்சிக்குப் பின் வீட்டில் பத்திரமாக இருந்த படித்தவர்களைப் பார்த்து அந்த்ரேயெவ் கேட்ட கேள்வியாகவே எனக்கு அது பட்டது. அந்தக் கேள்விக்குள் அவரும் அடக்கம்.

விலை பேசும் காட்சி ஒன்று உண்டு. ஆசாரியர் முப்பது என்றதும் யூதாஸ் கூச்சல் போடுகிறான். ஒரு சொட்டு ரத்தத்துக்கு எவ்வளவு விழுகிறது, ஒரு துளிக் கண்ணீருக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டிப் பேரம் பேசுகிறான். அடக்கவிலைக் கணக்கு படித்தவர்களுக்கு அந்தப் பக்கத்தைத் தாண்டுவது கஷ்டம்.

கதை வந்து ஓராண்டுக்கெல்லாம், 1908 கடைசியில், ரஷ்யப் புரட்சிக்காரர்களின் ரகசியப் படைக்கே தலைவராக இருந்த அசேஃப் என்பவர் போலீஸ் உளவாளி என்று அம்பலமானது. யூதாஸ் கதை அந்த நாட்டில் வெறும் வேதக்கதையாக இல்லை.

இருபது ஆண்டு கழித்து புல்ககோவ் வருகிறார். 1928-ல் நாவலைத் தொடங்கினார். 1930-ல் கைப்பிரதியைத் தானே அடுப்பில் போட்டார். அந்த ஆண்டு மார்ச்சில் சோவியத் அரசுக்கு எழுதிய கடிதத்தில் அதை அவரே சொல்லியிருக்கிறார். ஏப்ரலில் ஸ்டாலின் போன் செய்தார். வேலை கிடைத்தது, விடுதலை கிடைக்கவில்லை. மறுபடி எழுத ஆரம்பித்து, 1940 மார்ச்சில் சாகும்வரை திருத்திக்கொண்டே இருந்தார். நாவல் வெட்டுக் குத்தோடு அச்சில் வந்தது 1966-67-ல், 'மாஸ்க்வா' என்ற இதழில். பத்திரமாகக் காத்து வைத்திருந்தவர் அவர் மனைவி எலேனா.

அதில் வரும் யூதாஸ் சீடனே இல்லை. கிரியாத் ஊர்க்காரன், நாணயம் மாற்றும் கடையில் இருக்கும் இளைஞன். வீட்டுக்கு அழைத்து, விளக்குகளை ஏற்றி வைத்து, அரசாங்கத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று பிரியமாகக் கேட்கிறான். பதில் சொன்னதும் கைது. 1930-களின் மாஸ்கோவில் இப்படித்தானே நடந்தது! நாவலின் இன்னொரு பாதியில், எழுத்தாளன் குடியிருந்த நிலவறை வீட்டின் மேல் ஆசைப்பட்டு நண்பன் ஒருவன் அவனைப் பற்றிப் புகார் எழுதிப் போடுகிறான். இரண்டு காட்டிக் கொடுத்தல்களும் ஒன்றுக்கொன்று கண்ணாடி.

ஆனால் புல்ககோவ் அதிகப் பக்கம் ஒதுக்கியது யூதாஸுக்கு அல்ல, பிலாத்துவுக்கு. உண்மை தெரிந்தும் பதவிக்குப் பயந்து கையெழுத்துப் போட்டவன். பாவங்களில் பெரியது கோழைத்தனம் என்பது அந்த நாவலின் தீர்ப்பு. இதே புல்ககோவ்தான் 1939-ல் ஸ்டாலினின் இளமைக்காலத்தை வைத்து ஒரு நாடகம் எழுதினார். அதையும் மேலிடம் தடுத்துவிட்டது. பிலாத்துவைப் பற்றி எழுதியவர் தன்னைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தார் என்று நான் நினைக்கிறேன். சுயசரிதை என்று பெயர் போட்டிருந்தால் அவரால் அவ்வளவு நேர்மையாக எழுதியிருக்க முடியுமா?

நம்ம ஊர்க் கணக்கு

இப்போது ஏற்காடு சாலைக்குத் திரும்பி வருவோம்.

தமிழில் வேதக்கதையைப் பாடியவர்கள் பலர். வீரமாமுனிவரின் தேம்பாவணி 1726. எச்.ஏ.கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் 1894. கிருஷ்ணபிள்ளை கொஞ்சம் நிற்க வேண்டியவர். திருநெல்வேலிப் பக்கத்து வைணவக் குடும்பம், 1827-ல் பிறந்தவர், 1858-ல் ஞானஸ்நானம் பெற்றார். உறவுகளின் கண்ணில் அதுவே ஒரு துரோகம்தான். தான் கிறிஸ்தவன் ஆன கதையைத் தனியாகவும் எழுதி வைத்தார். அவர் தழுவிய மூல நூல் ஜான் பனியன் எழுதியது. அந்தப் பனியன் 1666-ல் எழுதிய தன்வரலாற்றில், கிறிஸ்துவை விற்றுவிடு விற்றுவிடு என்று ஒரு குரல் தன்னைப் படுத்தியதாகவும், யூதாஸ் போல் ஆகிவிட்டேனோ என்று நடுங்கியதாகவும் சொல்கிறார். துரோகமும் சுயசரிதையும் அங்கேயே கைகோத்துவிட்டன.

ஆனால் நம் காலத்துக்கும் சேலத்துக்கும் பக்கத்தில் இருப்பவர் கண்ணதாசன். மாடர்ன் தியேட்டர்ஸில் இருந்தார், அங்கிருந்து வந்த 'சண்டமாருதம்' இதழைப் பார்த்துக்கொண்டார். கருணாநிதியும் அங்கே வசனம் எழுதினார். 1950-ல் வந்த 'மந்திரி குமாரி' அவர் வசனம்தான். அதன் மூலம் குண்டலகேசி கதை. மனைவியை மலை உச்சிக்குக் கூட்டிப் போய்த் தள்ளப் பார்க்கிற கணவன், முந்திக்கொண்டு அவனைத் தள்ளிவிடுகிற மனைவி. துரோகக் கதை தயாரித்த ஸ்டூடியோவில் இரண்டு நண்பர்கள்! 1954-ல் அதே ஸ்டூடியோவின் 'இல்லற ஜோதி'க்கு எழுதியவர் கண்ணதாசன்.

1949-ல் தி.மு.க. பிறந்தது. கண்ணதாசன் அதில் இருந்தார். 1953-ல் டால்மியாபுரம் போராட்டத்தில் சிறைக்குப் போனார். 1961-ல் ஈ.வெ.கி.சம்பத்தோடு வெளியே வந்தார். அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக் கதைதான் 'வனவாசம்'. படிக்காதவர்கள் அவசியம் படியுங்கள். தன்னைத் தானே 'அவன்' என்று படர்க்கையில் எழுதுகிறார். குடித்ததை, கடன் வாங்கியதை, போகக்கூடாத இடங்களுக்குப் போனதை எல்லாம் மறைக்காமல் சொல்கிறார். அப்படித் தன்னையே திட்டிக்கொள்கிறவர் மற்றவர்களைப் பற்றிச் சொல்லும்போது நமக்குச் சந்தேகமே வருவதில்லை. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

உதாரணமாக மோதிரக் கதை. 1959-ல் சென்னை மாநகராட்சித் தேர்தலில் தி.மு.க. வென்றது. வெற்றிக் கூட்டத்தில் அண்ணா கருணாநிதிக்கு ஒரு மோதிரம் அணிவித்தார். தானும் உழைத்தும் தனக்கு ஒன்றும் இல்லையே என்று கண்ணதாசனுக்கு வருத்தம். அந்த மோதிரம் கருணாநிதியே வாங்கிக் கொடுத்தது என்று தெரியவந்ததாக வனவாசத்தில் எழுதியிருக்கிறார். கழகத்துக்காரர்களுக்கோ அது தலைவர் கையால் கிடைத்த பெருமை. இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. கருணாநிதியும் 'நெஞ்சுக்கு நீதி' என்று ஆறு பாகம் எழுதியிருக்கிறார். ஒருவர் பேரேட்டைப் படித்துவிட்டு இன்னொருவரைத் திவால் என்று சொல்லக்கூடாது, அவ்வளவுதான்.

கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 1949-ல் பிரிந்து போனவர்களைப் பெரியார் 'கண்ணீர்த்துளிகள்' என்று கேலி செய்தார். அவர் கணக்கில் அவர்கள் துரோகிகள். 1961-ல் பிரிந்தவர்கள் தி.மு.க. கணக்கில் துரோகிகள். பிரிந்தவர்கள் கணக்கில் தி.மு.க.வே துரோகம் செய்தது. யாரோ ஒருவருடைய புத்தகத்தில் எல்லோருமே யூதாஸ்தான்.

தமிழ் பைபிளில் இதற்கு வரும் சொல் 'காட்டிக்கொடு'. கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்குக் 'கையளித்தல்' என்பதுதான் பொருளாம். நம் சொல்லில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று காட்டுவது, இன்னொன்று கொடுப்பது. சுயசரிதை எழுதுகிறவரும் நண்பர்களைக் காட்டத்தான் செய்கிறார். எதிராளி கையில் கொடுக்கிறாரா இல்லையா என்பதுதான் கேள்வி. வனவாசம் வந்ததிலிருந்து இன்றுவரை மேடைகளில் அதைக் கையில் வைத்துக்கொண்டு கருணாநிதியைத் தாக்கியவர்கள் எத்தனை பேர்! அப்படிப் பார்த்தால் துரோகத்தைச் சொன்ன புத்தகமும் கொஞ்சம் காட்டிக் கொடுத்திருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்தவைதான் எனக்குப் பிடித்த பகுதி. எம்.ஜி.ஆரைக் கடுமையாக எழுதியவர், பேசியவர் கண்ணதாசன். அதே எம்.ஜி.ஆர். முதல்வரானதும் 1978-ல் அவரை அரசவைக் கவிஞர் ஆக்கினார். எங்கள் பாடத்தில் இதற்கு வாராக்கடனைப் போக்கெழுதுதல் என்று பெயர். வசூலாகாது என்று தெரிந்ததும் ஏட்டிலிருந்து எடுத்துவிடுவது. அதனால் கடன் இல்லாமல் போய்விடவில்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

வாழ்க்கையின் கடைசியில் கண்ணதாசன் எழுதிய பெரிய நூல் 'இயேசு காவியம்'. திருச்சி கலைக்காவிரியினர் கேட்டு எழுதியது. ஒரு காலத்தில் கடவுள் இல்லை என்று முழங்கியவர், பிறகு 'அர்த்தமுள்ள இந்துமதம்' எழுதியவர், கடைசியில் இதை எடுத்துக்கொண்டார். 1981 அக்டோபர் 17-ல் அமெரிக்காவின் சிகாகோவில் இறந்துபோனார். நூல் வெளியானபோது அவர் இல்லை. கருணாநிதி அவருக்கு இரங்கல் கவிதை எழுதினார்.

வனவாசம் எழுதிய அதே கை யூதாஸ் வரும் கதையையும் எழுதியது என்று நினைத்துப் பார்க்கிறேன். துரோகம் செய்யப்பட்டதாக நம்பியவர், துரோகி என்று அழைக்கப்பட்டவர், இரண்டு பக்கமும் நின்றவர். மத்தேயுவில் ஓர் இடம் உண்டு. முத்தம் கொடுத்துக் காட்டிக் கொடுக்க வந்த யூதாஸை இயேசு சிநேகிதனே என்றுதான் கூப்பிடுகிறார். அந்த இடத்துக்கு வந்தபோது கண்ணதாசனுக்கு ஏற்காடு ரோடு ஞாபகம் வந்திருக்குமா?

எங்கள் வீட்டுப் பேரேடு

சொல்வதாகச் சொன்னேன் இல்லையா, இதோ.

நாமக்கல் பக்கம் லாரி இல்லாத வீட்டுக் கதை குறைவு. அப்பாவும் அவர் சிநேகிதர் ஒருவரும் பாதிப்பாதி போட்டு ஒரு லாரி வாங்கினார்கள். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. இரண்டு வருஷத்தில் அந்த மாமா சொல்லாமல் கொள்ளாமல் வண்டியை விற்றுவிட்டார் என்பதுதான் நான் கேட்டு வளர்ந்த கதை. எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே கிடையாது. 'எட்டப்பன்'தான். அப்பா இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் ஒரு வார்த்தை மாறாது.

அக்கா கல்யாணப் பத்திரிகை கொடுக்க இந்த வருஷம் நான் அவர் வீட்டுக்குப் போனேன். அம்மாதான் அனுப்பினார், அப்பாவுக்குத் தெரியாமல். மாமா என்னைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "உங்கொப்பனாட்டமே இருக்கற கண்ணு" என்றார். பிறகு உள்ளே போய் ஒரு நீளக் குறிப்பேட்டை எடுத்து வந்து கொடுத்தார். நீ கணக்குப் படிக்கறவன்தானே, பார் என்றார்.

பார்த்தேன். டயர் மாற்றியது, எஃப்.சி. காட்டியது, டிரைவர் படி எல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தது. ஏழு மாதத் தவணை அவர் ஒருவரே கட்டியிருக்கிறார். அந்த ஏழு மாதமும் அப்பா மஞ்சள்காமாலையில் படுத்திருந்த காலம். எங்கள் வீட்டுக் கதையில் அந்தக் காமாலை இருக்கிறது, தவணை மட்டும் இல்லை. அதே சமயம், வண்டி விற்ற தொகைக்கு நேரே அவருடைய நோட்டிலும் ஒன்றும் எழுதவில்லை. வெறும் கோடு.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "ஏழா? அஞ்சுன்னுதான் நெனச்சேன்" என்றார். அப்படியென்றால் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. இத்தனை வருஷக் கதையில் அது ஒருமுறைகூட வந்ததில்லை.

ஒற்றைப் பதிவு முறையில் எழுதிய கணக்கை வைத்து இருப்பாய்வு தயாரிக்க முடியாது என்று முதல் வருஷமே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பற்றுக்கும் எதிரே ஒரு வரவு வேண்டும். சுயசரிதை எல்லாமே ஒற்றைப் பதிவுதான், எங்கள் அப்பாவுடையதும் சரி, வனவாசமும் சரி. அதற்காக அது பொய் என்று சொல்லவில்லை. அப்பா பட்ட அடி நிஜம். எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிறது, அவ்வளவே. அந்தக் காலிப் பக்கத்தை நிரப்பிப் பார்க்கத்தான் அந்த்ரேயெவ் யூதாஸிடம் போனார், புல்ககோவ் பிலாத்துவிடம் போனார். அடுத்தவன் கதையாக எழுதும்போதுதான் தன் பெயருக்கு நேரேயும் பற்று எழுத மனம் வருகிறது போலிருக்கிறது.

இருபுறமும் பொருந்தாத தொகையை, பிழை எங்கே என்று தெரியும்வரை, அனாமத்துக் கணக்கில் வைப்பார்கள். கழித்தும் கட்டுவதில்லை, யார் தலையிலும் எழுதுவதும் இல்லை. வண்டி விற்ற பணத்தை இப்போதைக்கு நான் அங்கேதான் வைத்திருக்கிறேன்.

கல்யாணத்துக்கு மாமா வந்தார். மொய் எழுதும் இடத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். பெயரைக் கேட்காமலேயே எழுதினார். எட்டப்பன் என்று இல்லை, சொந்தப் பெயரை, இனிஷியலோடு. "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டது அது ஒன்றுதான்.

உங்கள் வீட்டிலும் ஓர் எட்டப்பன் இருப்பார். அவரிடம் ஒரு நோட்டு இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.